பழைய முதலாளியின் பெயர்

சர்ச்சைக்குள்ளான ஸ்தாபனத்தில் உத்தியோகம் பார்த்தவருக்கு அடுத்த ஸ்தாபனம் கதவைத் திறக்கலாமா? பேரையூர் வட்டாரத்தை முன்னிட்டு ஒரு விசாரணை.

2015-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 12-ஆம் தேதி இரவு, மேலூருக்கு அப்பாலுள்ள சின்னமலம்பட்டி மயானத்தில், ஒரு காலத்தில் மதுரை ஜில்லாவின் கலெக்டராக இருந்தவரும், கிரானைட் முறைகேடுகளை விசாரிக்கும் பொறுப்பு சென்னை உயர் நீதிமன்றத்தால் ஒப்படைக்கப்பட்டவருமான உ.சகாயம், மறுநாள் தோண்டப்பட வேண்டிய குழிகளை இரவோடிரவாக யாரேனும் கலைத்துவிடக் கூடாதே என்ற கவலையால், விடுதிக்குத் திரும்பாமல் அங்கேயே படுத்துவிட்டார். பத்திரிகைகளில் அடுத்த நாள் வெளிவந்த அந்தப் படங்களை இன்றும் நினைவு வைத்திருப்பவர்கள் பலர்.

அவரை அங்கே படுக்க வைத்தது ஒரு புகார். அதைக் கொடுத்தவரோ, எந்தத் தொழிலின்மீது விசாரணை நடந்ததோ அதே தொழிலில் முன்பு ஓட்டுநராக இருந்து சம்பளம் வாங்கியவர். நரபலி என்று அவர் சொன்னதன் மெய்பொய்யை நிர்ணயிப்பது காவல்துறையும் நீதிமன்றமும் செய்ய வேண்டிய காரியம். அதில் நாம் பிரவேசிக்கப் போவதில்லை. ஆனால் கோடிக்கணக்கில் பணம் புரண்ட ஒரு தொழிலைப் பற்றி வெளியே ஒரு வார்த்தை வருவதற்கு, அந்தத் தொழிலின் உப்பைத் தின்ற ஒருவருடைய வாய்தான் திறக்க வேண்டியிருந்தது என்பதும், அவரைப் போன்ற ஒருவர் மறுமாதம் ஏதேனும் ஒரு பஞ்சாலையிலோ பள்ளிக்கூடத்திலோ வேன் ஓட்டும் வேலை கேட்டுப் போய், முன்பு எங்கே இருந்தீர் என்ற வினாவுக்கு உள்ளபடி விடை சொன்னால் அநேகமாக வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும் என்பதும், சேர்த்து யோசிக்க வேண்டிய விஷயங்கள்.

மேலூர், மதுரை மாவட்டத்தின் ஒரு கோடி என்றால் பேரையூர் மறு கோடி. மேற்கே சதுரகிரி மலை, சுற்றிலும் கரிசல், பருத்தியும் மக்காச்சோளமும் வானத்தைப் பார்த்து விளைகிற பூமி, மழை பொய்த்துவிட்டால் சிவகாசிக்கும் ராஜபாளையத்துக்கும் திருப்பூருக்கும் ஆட்களை அனுப்பி வைக்கிற வட்டாரம். இங்கே விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பம் போட்டு வேலை கிடைத்தவர்கள் குறைவு. கல்யாண வீட்டுப் பந்தியில் 'ஒரு ஆள் வேணுமே' என்று ஒருவர் சொல்ல, 'நம்ம பய ஒருத்தன் சும்மாதான் இருக்கான்' என்று இன்னொருவர் சொல்ல, அடுத்த நாள் காலையில் பையன் பயோடேட்டாவை உறையில் போட்டுக்கொண்டு வந்து நிற்பான். பிறகு நடக்கிற சம்பாஷணை பெரும்பாலும் ஒரே தினுசானது.

"யாரு சொல்லி வந்தீங்க தம்பி?"

"மாமா சொன்னாருங்கய்யா."

"இதுக்கு முன்னாடி எங்க இருந்தீக?"

"மேலூர்ப் பக்கம், கல் கம்பெனிங்கய்யா. ஆபீஸ்ல கணக்கு."

"எந்தக் கம்பெனி?"

கம்பெனியின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் எதிரே இருப்பவருடைய முகத்தில் ஒரு தயக்கம் தோன்றுகிறது. அந்தத் தயக்கம் நியாயந்தானா, நியாயமானால் எவ்வளவு தூரத்துக்கு நியாயம் என்ற கேள்வி, கிரானைட் குவாரிகள் மூடப்பட்ட நாளில் தொடங்கி, அண்மையில் நிதி நிறுவனங்கள் அடுத்தடுத்துச் சரிந்த பிறகு, இந்த ஜில்லாவில் பலருடைய வாயிலும் அடிபடுகிறது.

[பெட்டிச் செய்தி: மேலூர்க் கல்]

2012 மே: கலெக்டர் சகாயம் அரசுக்கு அனுப்பிய அறிக்கை, கிரானைட் முறைகேட்டால் நேர்ந்த இழப்பை 16,338 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அதே மாதத்தில் அவர் மாற்றப்பட்டார்.

2012 ஆகஸ்டு: அடுத்து வந்த கலெக்டர் அன்சுல் மிஸ்ராவின் காலத்தில் குவாரிகளில் சோதனை, வழக்குகள், கைதுகள். குவாரிகள் நின்றன.

2014 செப்டம்பர்: டிராபிக் ராமசாமி தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் சகாயத்தை விசாரணைக்கு நியமித்தது.

2015 நவம்பர் 23: அவருடைய அறிக்கை நீதிமன்றத்தில் தாக்கலாயிற்று. இழப்பு ஒரு லட்சத்து ஆறாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் என்றது அது.

கல்லை அறுத்தவரும் சீட்டு எழுதியவரும்

ஒரு குவாரியின் வாசலுக்குள் போனால், பாறையில் துளை போடுகிறவர், வயர் கொண்டு கல்லை அறுக்கிறவர், கிரேன் ஓட்டுகிறவர், லாரி ஓட்டுகிறவர், சமைத்துப் போடுகிறவர், காவல் காப்பவர், கன அளவு எடுக்கிறவர், நடைச்சீட்டு எழுதுகிறவர், பேரேடு எழுதுகிறவர், அதிகாரிகளைப் 'பார்த்துக்கொள்கிறவர்' என்று எத்தனையோ பேர். இவர்கள் எல்லோருடைய பயோடேட்டாவிலும் இருப்பதோ ஒரே பெயர். பள்ளத்துக்குள் நின்று பாறையைக் குடைகிறவருக்கு, தான் நிற்கிற இடம் பட்டா நிலமா, புறம்போக்கா, கண்மாயின் நீர்ப்பிடிப்பா என்று தெரிந்திருக்க நியாயமில்லை. எல்லைக்கல் எங்கே நட்டிருந்தது என்பதை அறிந்தவர்கள் மேலே ஆபீஸில் இருந்தவர்கள். அரசாங்கத்துக்குச் சேர வேண்டிய கட்டணம் கனமீட்டர்க் கணக்கில் நிர்ணயமாவதால், அளவு நாடாவைப் பிடித்தவரும் சீட்டில் எண்ணை எழுதியவரும், வேண்டுமானால் உண்மையை எழுதவும் வேண்டாமென்றால் மறைக்கவும் கூடிய ஸ்தானத்தில் இருந்தார்கள். போதாததற்கு, தம்முடைய நிலத்தையே குவாரிக்காரருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிரதியாக அதே பள்ளத்தில் கூலி வேலை பெற்ற சம்சாரிகளும் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவரிடம் சம்பளம் வாங்கினார் என்ற ஒரே ஏட்டில் இவர்கள் அத்தனை பேரையும் பதிவது, கணக்கு எழுதத் தெரியாதவர் எழுதிய கணக்கு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பொதுவாக அதை யாரும் பிரஸ்தாபிப்பதில்லை. பழைய ஸ்தாபனத்தின் அபகீர்த்தியைக் கண்டு தயங்குகிற முதலாளிகளைப் போலவே, அந்த அபகீர்த்தியையே ஒரு யோக்கியதையாகக் கருதி வரவேற்கிற முதலாளிகளும் உண்டு. எந்த அலுவலகத்தில் எந்த மேசையில் எந்தக் காகிதம் தேங்கும், அதை எப்படி நகர்த்துவது என்று அறிந்தவர். கடன்காரர் எந்த நேரத்தில் வீட்டில் இருப்பார், எதைச் சொன்னால் அவர் கூச்சப்பட்டுப் பணம் கொடுப்பார் என்று அறிந்தவர். இப்படிப்பட்டவர்களைச் சர்ச்சைக்குள்ளான கம்பெனிகளிலிருந்து தேடிப் பிடித்து, கூடுதல் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்கிறவர்கள், அதற்கு வைத்திருக்கும் பெயர் 'அனுபவம்'. ஏழைக் கணக்குப்பிள்ளைக்கு முட்டுக்கட்டையாக நிற்கிற அதே பெயர் சாமர்த்தியசாலிக்குச் சிபாரிசுக் கடிதமாக ஆகிவிடுகிறது. வேலை கேட்டு வந்தவரை நிறுத்தி விசாரிப்பதற்கு முன்னால், இவரிடமிருந்து நமக்கு என்ன வேண்டியிருக்கிறது என்று முதலாளி தம்மையே விசாரித்துக்கொண்டால், பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் அபிப்பிராயம்.

ரேகைச் சட்டத்தின் பூமி

மனிதரை அவர் செய்த காரியத்தைக் கொண்டு மதிக்காமல், அவர் எந்தப் பட்டியலில் இருக்கிறார் என்பதைக் கொண்டு மதிப்பது என்னவென்று பேரையூர், உசிலம்பட்டி வட்டாரங்களுக்கு யாரும் போதிக்க வேண்டியதில்லை. குற்றப் பரம்பரைச் சட்டத்தை இங்கே 'ரேகைச் சட்டம்' என்றுதான் சொல்லுவார்கள். பிறந்த குலத்தை வைத்து ஆண்மக்களுடைய கைரேகையைப் பதிந்து, வெளியூர் போக வேண்டுமானால் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும் என்றும், இரவில் காவல் நிலையத்தில் ஆஜராக வேண்டும் என்றும் நிர்ப்பந்தித்த அந்தச் சட்டத்துக்கு உடன்பட மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸார் சுட்டதில், மாயக்காள் என்ற பெண்மணி உட்பட 16 பேர் மாண்டனர். மதுரையில் வக்கீலாக இருந்த ஜார்ஜ் ஜோசப் அச்சட்டத்தின் கீழ் அவதிப்பட்டவர்களுக்காக வாதாடினார். 'ரோசாப்பூ துரை' என்று ஜனங்கள் அவருக்கு அன்போடு பெயர் வைத்தார்கள். சென்னை ராஜதானியில் அந்தச் சட்டம் ஒழிய 1947-ஆம் வருஷம் வர வேண்டியிருந்தது.

பிறப்பு ஒருவர் தேர்ந்துகொள்வதன்று, வேலை தேர்ந்துகொள்வது. ஆகையால் இரண்டையும் ஒரு தராசில் வைக்கலாகாது என்று ஆட்சேபம் வரும். ஆட்சேபம் சரியானதே. ஆயினும் பட்டியலைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் பழக்கத்துக்கு ஒரு குணம் உண்டு: விசாரிக்கும் சிரமத்தை அது மிச்சப்படுத்துகிறது. ரேகை பதிந்தவரா இல்லையா என்று பார்த்த ஏட்டையாவுக்கு, களவு நடந்த இரவில் அவர் எங்கே இருந்தார் என்று தேட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அந்தச் சோம்பல் கம்பெனிப் பெயரைக் கேட்டு உதட்டைப் பிதுக்குகிறவரிடமும் இருக்கிறது.

ஐ.சி.எஸ்.காரரும் ஐ.என்.ஏ. சிப்பாயும்

பெருங்காமநல்லூருக்குத் துப்பாக்கியோடு படையை அனுப்பிய நிர்வாகத்தின் ஊழியர்கள் 1947 ஆகஸ்டுக்குப் பிறகு என்ன ஆனார்கள்? பெரும்பாலோர் அவரவர் நாற்காலியிலேயே இருந்தார்கள். பழைய எஜமானருடைய நடத்தையை வைத்துப் புதிய எஜமானர் ஊழியரை எடை போடுவது என்ற பிரச்சினையை, இந்தத் தேசம் அதன் மிகப் பெரிய அளவில் சந்தித்த சந்தர்ப்பம் அதுதான். அப்போது நடந்ததை ஞாபகப்படுத்திக்கொள்வது இன்றைய விவாதத்துக்குப் பயன்படும்.

தேசபக்தர்களைச் சிறையில் தள்ளும் ஆணைகளில் கையெழுத்திட்ட ஐ.சி.எஸ். அதிகாரிகளைச் சுதந்திர இந்தியா வைத்துக்கொள்ளலாமா, அவர்களுடைய பழைய சலுகைகளுக்கு அரசியல் சட்டத்திலேயே உத்தரவாதம் கொடுக்கலாமா என்று அரசியல் நிர்ணய சபையில் கோபத்தோடு கேட்டவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல 1949 அக்டோபர் 10-ஆம் தேதி எழுந்தவர், அந்த அதிகாரிகளின் ஆட்சியில் பலமுறை சிறை சென்றவரான சர்தார் படேல். பிரிவினையின் கொந்தளிப்பில் இந்த அதிகாரிகள் விசுவாசத்தோடு உழைத்திராவிட்டால் ஐக்கியமே குலைந்திருக்கும் என்ற கருத்தில் அவர் வாதாடினார். 314-ஆவது ஷரத்து அவர்களுடைய சேவை நிபந்தனைகளைக் காப்பாற்றியது.

அதே சமயத்தில் இன்னொரு கூட்டம் வேறொரு வாசலில் நின்றது. மலேயாவிலும் பர்மாவிலும் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களில் தமிழர்கள் திரளாக இருந்தார்கள். அவர்களில் பலர் மதுரை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து பிழைக்கப் போன குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியவர்களும் அதில் உண்டு. வெள்ளைக்காரனுடைய ராணுவத்திலிருந்து பிரிந்து நேதாஜியிடம் போன சிப்பாய்கள், விடுதலையான தேசத்தின் ராணுவத்தில் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. கட்டுப்பாடு கெட்டுவிடும் என்பது காரணமாகக் கூறப்பட்டது. வெள்ளையரிடம் கடைசி நாள் வரை சம்பளம் வாங்கியவருக்கு உத்தியோகம் நீடித்தது. அந்தச் சம்பளத்தை உதறியவருக்கு இல்லை என்றாயிற்று.

சரித்திரம் சில வேளைகளில் தேதிகளைக் கொண்டு பரிகாசம் செய்யும். ஐ.என்.ஏ. வீரர்களையும் உள்ளடக்கிய தியாகிகள் ஓய்வூதியத் திட்டம் மத்திய அரசால் 1972 ஆகஸ்டு 15-ஆம் தேதி தொடங்கப்பட்டது, ஐ.சி.எஸ்.காரரின் சலுகைகளைக் காத்து நின்ற 314-ஆவது ஷரத்தை நீக்கிய அரசியல் சட்டத்தின் 28-ஆவது திருத்தமும் அதே ஆகஸ்டு மாதக் கடைசியில் அமலுக்கு வந்தது. இரண்டு கூட்டத்தாருடைய கணக்கையும் நேர் செய்ய 25 வருஷங்கள் பிடித்தன. அதற்குள் எத்தனையோ சிப்பாய்கள் கூலி வேலை செய்தே காலமாகியிருந்தார்கள்.

படேல் செய்தது தவறென்று நான் சொல்லவில்லை. நிர்வாகம் தெரிந்தவர்கள் அவருக்குத் தேவைப்பட்டார்கள். தேவையை அவர் ஒளிக்கவும் இல்லை. ஆனால் மேலே இருப்பவருடைய பழைய எஜமானரை மறப்பதற்குத் 'திறமை' என்று காரணம் சொல்லுவதும், கீழே இருப்பவருடையதை நினைவில் வைத்துக்கொள்வதற்குக் 'கட்டுப்பாடு' என்று காரணம் சொல்லுவதும் அன்றோடு நின்றுவிட்ட வழக்கமல்ல. சரிந்த கம்பெனியின் துணைத்தலைவர் ஆறு மாதத்துக்குள் ஆலோசகர் என்ற விலாசத்தோடு வேறோரிடத்தில் அமர்ந்துவிடுவதையும், அவருக்குக் காபி கொண்டு போய்க் கொடுத்தவர் ஆறு வருஷம் அலைவதையும் பார்த்தவர்கள் நம்மில் பலர்.

வசூல்காரரின் வீட்டு வாசல்

குவாரித் தொழிலாளிக்காக இவ்வளவு பரிந்து பேசியபின், பரிய முடியாத இடத்துக்கும் போக வேண்டும். 2022-இல் ஆருத்ரா கோல்டு வழக்கு தமிழ்நாட்டை உலுக்கியது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களிடமிருந்து 2,438 கோடி ரூபாய் திரட்டப்பட்டதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு கூறியது. மறு வருஷம் நம் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட நியோமேக்ஸ் நிறுவனத்தின்மீது வழக்குப் பதிவாயிற்று. வழக்குகளின் முடிவை நாம் முந்திக்கொண்டு சொல்ல வேண்டாம். இத்தகைய நிறுவனங்கள் நடக்கிற விதத்தைச் சொன்னாலே போதும்.

இவற்றின் மூலதனம் கட்டடமோ யந்திரமோ அன்று, உறவுமுறை. ஓய்வுபெற்ற வாத்தியாரிடம் அவருடைய பழைய மாணவனையும், விதவைச் சித்தியிடம் அக்காள் மகனையும், கிடை மாடு விற்ற பணம் வைத்திருப்பவரிடம் பங்காளியையும் அனுப்பி வைத்து, 'நானே போட்டிருக்கேன் சித்தி' என்று சொல்ல வைக்கிற தொழில் அது. சொன்னவன் பொய் சொல்லவில்லை, அவனும் போட்டிருப்பான். அவன் மனைவியின் நகையும் அதில் இருக்கும். மாத வட்டி நின்ற அன்றைக்கு ஜனங்கள் போய் நிற்பது நகரத்திலுள்ள டைரக்டருடைய வீட்டு வாசலில் அல்ல; அவர் வீடு எங்கே என்று அவர்களுக்குத் தெரியாது. ஏஜெண்டுடைய வாசலில்தான். திருவிழாவுக்கு ஊருக்கு வர முடியாமல், கொள்ளி வைக்கக்கூட இரவில் வந்து இரவில் திரும்புகிற ஏஜெண்டுகளைப் பற்றி இந்தப் பக்கம் பேச்சு உண்டு.

இவர் ஒரு நகைக்கடையிலோ பைனான்ஸ் ஆபீஸிலோ வேலை கேட்டு வந்தால்? ஏமாந்தவரா ஏமாற்றியவரா என்று இரண்டில் ஒன்றைக் கேட்பது பயனற்றது; பலர் இரண்டுமாக இருந்திருக்கிறார்கள். நான் முதலாளியாக இருந்தால் தேதிகளைக் கேட்பேன். கம்பெனி பணம் கொடுக்கத் தாமதிக்கிறது என்று உமக்கு எப்போது தெரிந்தது? கடைசியாக நீர் ஒருவரிடம் பணம் வாங்கியது எப்போது? முதல் தேதி முந்தியும் இரண்டாவது தேதி பிந்தியும் இருந்தால், அந்த இடைவெளியில் வாங்கிய கமிஷன் எவ்வளவு என்று கேட்பேன். கம்பெனியின் பெயர் சொல்லாத விஷயத்தை அந்த இடைவெளி சொல்லிவிடும். பரிசுத்தமாக வெளியே வந்தவர்களுக்கு அந்தக் கேள்வி ஒரு சிரமமே இல்லை. சொல்லப் போனால், யாராவது கேட்க மாட்டார்களா என்று ஏங்குகிறவர்கள் அவர்கள். தெரிந்த மறுநாளே சித்தி வீட்டுக்குப் போய் 'இனிமே போடாதீக' என்று தடுத்தவருக்கு அதைச் சொல்லிக்கொள்ள ஒரு சந்தர்ப்பம் வேண்டும்.

[பெட்டிச் செய்தி: சட்டம் எதுவரை?]

அவதார் சிங் வழக்கில் 2016 ஜூலையில் உச்ச நீதிமன்றம், அரசு வேலைக்கு வருகிறவர் தம்மீதுள்ள வழக்கு, கைது, தண்டனை ஆகியவற்றை மறைக்காமல் எழுத வேண்டும் என்றது. அற்ப விஷயங்களை மறைத்திருந்தால் நிர்வாகம் மன்னிக்கலாம், உண்மையைச் சொன்னவரானாலும் அவருடைய பூர்வோத்தரத்தைப் பரிசீலிக்க நிர்வாகத்துக்கு உரிமை உண்டு என்றும் கூறியது. அது வேட்பாளர் தாமே செய்ததைப் பற்றியது. முன்னாள் முதலாளி செய்ததை ஊழியர் தலையில் ஏற்றும் விதி அதில் இல்லை.

மாதிரி நிலையாணைகளின்படி, நிரந்தரத் தொழிலாளிக்கு வேலையை விட்டு நிற்கும்போது பணிச் சான்றிதழ் பெறும் உரிமை உண்டு. ஆபீஸுக்குச் சீல் வைத்த கம்பெனியிடம் அதை யார் போய் வாங்குவது என்பது வேறு விஷயம்.

தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் (1997), பணத்தைத் திருப்பித் தராத நிதி நிறுவனத்தின் நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர்களுக்குப் பத்தாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க இடமளிக்கிறது.

பெரிய பெயர்கள் விழுந்தபோது

ஹைதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்குகளைப் பல்லாண்டுகளாகப் பெருக்கிக் காட்டியதாக 2009 ஜனவரி 7-ஆம் தேதி ஒப்புக்கொண்டபோது, அங்கே ஏறத்தாழ 53,000 பேர் வேலையில் இருந்தார்கள். 2015-இல் நீதிமன்றம் தண்டித்ததோ பத்துப் பேரை. அமெரிக்காவில் என்ரான் ஊழலோடு சம்பந்தப்பட்டு 2002-இல் வீழ்ந்த ஆர்தர் ஆண்டர்சன் என்ற தணிக்கை நிறுவனத்தில் உலகெங்கும் 85,000 பேர். அந்நிறுவனத்துக்கு எதிரான தீர்ப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2005-இல் ரத்துச் செய்தபோது, திரும்பிப் போக ஆபீஸே இருக்கவில்லை. படித்தவர்கள், நகரவாசிகள், எப்படியோ வேறு நிறுவனங்களில் கலந்துவிட்டார்கள்.

நமக்குப் பக்கத்திலுள்ள கொடைக்கானல் வெப்பமானித் தொழிற்சாலைக்காரர்களுக்கு அது சாத்தியமாகவில்லை. பாதரசக் கழிவு வெளிப்பட்டு 2001-இல் இந்துஸ்தான் லீவர் அந்த ஆலையை மூடியது. முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கும் கம்பெனிக்கும் ஒப்பந்தம் ஏற்பட்டது 2016 மார்ச்சில். காட்டையும் மண்ணையும் கெடுத்ததாக ஊர் கம்பெனியைச் சபித்துக்கொண்டிருந்த அந்தப் பதினைந்து வருஷமும், தங்கள் உடம்புக்குள் போன பாதரசத்துக்கு நியாயம் கேட்டு அலைந்தவர்கள் அதே கம்பெனியின் ஆட்கள். சர்ச்சைக்குள்ளான ஸ்தாபனத்தால் முதன்முதலில் பாதிக்கப்படுகிறவர்கள் அதன் வாசலுக்கு உள்ளே இருப்பவர்கள் என்பதை வேலைக்கு ஆளெடுப்பவர்கள் நினைத்துப் பார்ப்பது அபூர்வம்.

கல்லுப்பட்டிக்கு வந்த கணக்காயர்

பேரையூரிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க தே.கல்லுப்பட்டியில், 1940-இல் நிறுவப்பட்ட காந்தி நிகேதன் ஆசிரமத்தில், தம் இறுதிக் காலத்தைக் கழித்தவர் ஜே.சி.குமரப்பா. லண்டனில் கணக்காயராகப் பயின்று, பம்பாயில் தணிக்கை நிறுவனம் நடத்தி, அமெரிக்காவில் பொதுநிதி படித்துத் திரும்பி, மேனாட்டு உடையோடு 1929-இல் காந்தியடிகளைச் சந்தித்தவர். கதர் அணியாத அந்த மனிதரிடம், பெரிய வர்த்தகர்களுக்கு நீர் ஏன் கணக்குப் பார்த்தீர் என்று அடிகள் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருக்கவில்லை. கணக்குப் பார்க்கத் தெரியுமல்லவா, குஜராத்தின் மாத்தர் தாலுகாவுக்குப் போய் விவசாயிகளுடைய வறுமையைக் கணக்கெடும் என்று அனுப்பினார்.

அந்தக் கணக்காயர் பிற்பாடு செய்தது இன்னும் சுவாரசியமானது. 1934-இல் பீகார் பூகம்ப நிவாரண நிதிக்குக் கணக்குப் பொறுப்பேற்றிருந்தபோது, அங்கே வந்த காந்தியடிகளுடைய பரிவாரத்தின் செலவையே நிதியிலிருந்து கொடுக்க முடியாது என்று அவர் மறுத்துவிட்டதாகச் சொல்லுவார்கள். வர்த்தகர்களிடம் கற்ற கண்டிப்பு, கற்ற இடத்தை விட்டு வந்த பிறகும் கையிலேயே இருந்தது. எந்தக் காரியத்துக்கு அதை உபயோகிப்பது என்பதுதான் மாறியிருந்தது. 1960 ஜனவரி 30-ஆம் தேதி, அடிகள் மறைந்த அதே நாளில், மதுரையில் குமரப்பா காலமானார்.

குமரப்பாவைப் போன்றவர்கள் தினந்தோறும் விண்ணப்பத்தோடு வரமாட்டார்கள் என்பது உண்மையே. ஆனால் ஆளெடுப்பவர் அவரிடம் அடிகள் நடந்துகொண்ட முறையை எடுத்துக்கொள்ளத் தடையில்லை. சிவகாசிப் பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்தவர், அங்கே ஒரு வெடிவிபத்து நடந்த பிறகு வெளியேறி, பேரையூரில் ஒரு ஜின்னிங் ஆலைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பஞ்சு ஆலையும் தீக்குப் பயப்பட வேண்டிய இடம். அறைக்கு எத்தனை பேர் என்ற விதியை மீறச் சொல்லி உத்தரவிட்டது யார், அவர் மறுத்தாரா, மறுத்ததை எழுத்தில் கொடுத்தாரா என்று கேட்டால், விபத்தைப் பார்த்த மனிதரைப் போலப் பாதுகாப்பைப் பற்றி அந்த ஆலைக்குச் சொல்லித் தரக்கூடியவர் வேறு யார்? கேட்காமல் அனுப்பிவிட்டால், அவர் அடுத்த இடத்தில் சிவகாசி வருஷங்களையே விழுங்கிவிட்டு, 'ஊர்ல விவசாயம் பார்த்தேங்கய்யா' என்று சொல்லப் பழகிக்கொள்ளுவார். பயோடேட்டாவில் காணப்படும் 'விவசாயம்' பல இடங்களில் பயிர் செய்ததைக் குறிப்பதில்லை.

கேள்வி திரும்பும்போது

ஆளெடுப்பவர் வேலை தேடுகிறவருடைய பூர்வோத்தரத்தை விசாரிப்பதைப் பற்றியே இதுவரை பேசினோம். மறுதிசையில் அந்த விசாரணை நடந்த ஒரு சமீபத்திய சம்பவமும் மேலூர்ப் பக்கத்திலேயே இருக்கிறது. 2022-இல் தமிழ்நாட்டின் முதலாவது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியையும் உள்ளிட்டு, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2024 நவம்பரில் வேதாந்தா குழுமத்தைச் சேர்ந்த இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குக் கிடைத்தது. 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பு. கம்பெனி வந்தால் வேலை வரும் என்று எங்கும் சொல்லப்படுகிற வார்த்தை இங்கும் சொல்லப்பட்டது. ஜனங்கள் கம்பெனியுடைய பயோடேட்டாவைப் பார்த்தார்கள்: அதே குழுமத்தின் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்து ஊர்வலம் போன தூத்துக்குடி மக்களில் 13 பேர் 2018 மே 22, 23 தேதிகளில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார்கள்; ஆலை அந்த மாதமே மூடப்பட்டது; அதைத் திறக்கக் கேட்ட மனுவை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 29-ஆம் தேதி தள்ளுபடி செய்தது. 2025 ஜனவரி 7-ஆம் தேதி மேலூர்ச் சீமையின் கிராமத்தார் ஆயிரக்கணக்கில் மதுரைக்கு நடந்து வந்தார்கள். அந்த மாதம் 23-ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்துச் செய்தது.

அவர்களுக்குப் பெரியாற்றுப் பாசனம் உண்டு, நிலம் உண்டு, வேண்டாம் என்று சொன்னால் அடுத்த வேளைச் சோற்றுக்கு வழியும் உண்டு. பேரையூர்ப் பக்கத்து மானாவாரிக் காட்டுக்காரருக்கும், காடும் இல்லாதவருக்கும் அந்தச் சௌகரியம் கிடையாது. மூன்று வருஷ முடிவில் மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லிப் பெண்பிள்ளைகளை மேற்கத்தி மில்களுக்கு அழைத்துப் போன சுமங்கலித் திட்டத்து ஏஜெண்டிடம், அந்த மில்லின் பூர்வோத்தரம் என்ன என்று கேட்கக்கூடிய நிலையில் இருந்த தகப்பன்மார் இங்கே வெகு சிலர். மேலூர்க் கல் கம்பெனிக்குக் கணக்கு எழுதப் போன பையனும் அந்த வீடுகளில் ஒன்றிலிருந்து போனவனாக இருக்கலாம். கம்பெனியின் பெயரைக் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிற முதலாளி, அந்த வருஷம் அவனுக்கு வேறு யார் வேலை கொடுத்தார்கள் என்பதையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். பேரையூரில் பல பேரிடம் அதற்கு ஒரே பதில்தான் இருக்கும்: யாரும் இல்லீங்கய்யா.